பேதைமை என்னும் வேடம்: ஆர்ட்டிமஸ் வார்டின் வாழ்வும் நகைத்திறனும்

முன்னுரை

அமெரிக்க நகைச்சுவை இலக்கியம் என்றவுடன் தமிழ் ஆய்வுலகில் முதலில் நினைவுகூரப்படும் பெயர் மார்க் ட்வெய்ன். அவருக்கு ஒன்றரை ஆண்டு மூத்தவரும், அவருக்கு முன்பே நாடறிந்த பெயராக விளங்கியவரும், முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தவருமான ஆர்ட்டிமஸ் வார்ட் இன்று பெரும்பாலும் ட்வெய்ன் வரலாற்றின் அடிக்குறிப்பாகவே எஞ்சி நிற்கிறார். அவருடைய எழுத்தைப் புரட்டுவோர் முதற்பக்கத்திலேயே எழுத்துப்பிழைகள் மலிந்த உரைநடையைக் கண்டு, காலாவதியான விளையாட்டு என்று ஒதுக்கிவிடுகின்றனர். அப்பிழைகள் வார்டின் நகைத்திறனுக்குப் புறத்தோற்றமே. பேதைமையை வேடமாகப் புனைந்துகொண்டு பேசும் குரல்தான் அதன் உள்ளீடு. இதனை அவருடைய வாழ்க்கை, எழுத்து, மேடைப் பேச்சு ஆகிய மூன்றன் துணையோடு விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

அச்சுக்கூடத்திலிருந்து இதழுக்கு

ஆர்ட்டிமஸ் வார்ட் என்பது புனைபெயர். இயற்பெயர் சார்ல்ஸ் ஃபாரர் பிரௌன். மெய்ன் மாநிலத்தின் வாட்டர்ஃபோர்ட் என்னும் சிற்றூரில் 1834 ஏப்ரல் 26 அன்று பிறந்தார். 1847இல் தந்தையை இழந்தபின், பள்ளிக் கல்வியைத் தொடராமல் அச்சுக்கோக்கும் தொழில் பயிலச் சென்றார். நியூ ஹாம்ப்ஷையரிலும் மெய்னிலும் சிறு வார இதழ்களின் அச்சுக்கூடங்களில் பணியாற்றிப் பாஸ்டன் நகரை அடைந்தார். அங்கு ஷில்லபர் என்பார் நடத்திய 'கார்ப்பெட் பேக்' என்னும் நகைச்சுவை இதழ் அச்சாகும் கூடத்தில் எழுத்துக் கோத்ததோடு, அவ்விதழில் சில சிறு துணுக்குகளையும் எழுதினார். 1852 மே 1 இதழில் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் அனுப்பிய கதை ஒன்று வெளிவந்தது. அச்சிறுவனே பின்னாளில் மார்க் ட்வெய்ன் ஆன சாமுவேல் கிளெமன்ஸ். அந்நாளில் இருவரும் ஒருவரையொருவர் அறியார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க நகைச்சுவையாளர் பலர் அச்சுக்கூடத்தைப் பள்ளியாகக் கொண்டவர்கள். கல்லாதார் எழுதியனுப்பும் கடிதங்கள், கிராமத்து விளம்பரங்கள், அரசியலாரின் ஆரவார உரைகள் ஆகிய அனைத்தையும் எழுத்தெழுத்தாகக் கையால் பொறுக்கி அடுக்கியவனுக்கு, ஒரு சொல் எவ்வாறு பிழைபடும் என்பது இலக்கண நூல் கற்றவனைவிட நன்கு தெரியும். பிரௌனின் பிழைகளில் காணப்படும் நுட்பத்திற்கு இப்பயிற்சியே அடிப்படை என்பது என் கருத்து.

ஒஹையோ மாநிலத்தில் சில ஆண்டுகள் அலைந்தபின், 1857இல் கிளீவ்லாந்து நகரின் 'பிளெயின் டீலர்' நாளிதழில் உள்ளூர்ச் செய்திப் பகுதியைக் கவனிக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. செய்தி குறைந்த நாள்களில் பத்தியை நிரப்பியாக வேண்டும். அத்தேவையிலிருந்தே 1858 சனவரி 30 நாளிட்ட கடிதம் ஒன்று பிறந்தது. ஆர்ட்டிமஸ் வார்ட் என்னும் ஊர்சுற்றிக் காட்சிக்காரன் இதழாசிரியருக்கு எழுதுவதாக அக்கடிதம் அமைந்தது.

காட்சிக்காரன்

அந்தக் காட்சிக்காரனிடம் உள்ள சரக்குகள் இவை: மூன்று கரடிகள், ஒரு கங்காரு, சில மெழுகுப் பொம்மைகள். நாட்டின் முதற் குடியரசுத்தலைவர் வாஷிங்டனும், சமய நூலாசிரியர் ஜான் பன்யனும், கடற்கொள்ளையன் கிட்டும், தமக்குக் கடன் கொடுத்தவரைக் கொன்று தூக்கிலேறிய பேராசிரியர் ஒருவரும் அவனுடைய மெழுகுவரிசையில் அருகருகே நிற்பர். கரடிகளை அவன் 'ஒழுக்கமுள்ள' கரடிகள் என்று அழைக்கிறான். இந்த அடைமொழியின் கூர்மையை உணர அக்காலச் சூழலை அறிதல் வேண்டும். நாடகக் கொட்டகைக்குச் செல்வதைப் பாவமெனக் கருதிய தூய்மைவாதக் குடும்பங்களை ஈர்க்க, நியூயார்க்கில் அருங்காட்சியகம் நடத்திய பார்னம் முதலியோர் தம் கேளிக்கைகளுக்கு ஒழுக்கம் போதிப்பவை என்று பெயர் சூட்டி விற்றனர். கரடிக்கும் ஒழுக்கச் சான்று வழங்கும் வார்ட், அவ்வணிகத்தின் உள்நடப்பை ஒரே அடைமொழியில் காட்டிவிடுகிறான்.

அவன் கடிதம் எழுதும் நோக்கமும் மறைவானதன்று. தன் காட்சியைப் புகழ்ந்து ஆசிரியர் நான்கு வரி எழுதினால், துண்டறிக்கைகளை அவருடைய அச்சகத்திலேயே அச்சிடுவதாகப் பேரம் பேசுகிறான். இதழுக்கும் விளம்பரத்திற்கும் இடையிலுள்ள உறவை அறச்சீற்றத்துடன் எழுதியிருந்தால் அது ஒரு நாள் தலையங்கமாக முடிந்திருக்கும். தான் செய்வது இழிவென்றே அறியாத ஒருவன் வெள்ளந்தியாகச் சொல்வதால் அது நகையாகிறது. 1860 டிசம்பரில் வெளிவந்த லிங்கன் நேர்காணல் புனைவிலும் இதே உத்தியைக் காண்கிறோம். பதவி வேண்டி லிங்கன் இல்லத்தில் மொய்க்கும் கூட்டத்தை விரட்டியடிக்கும் வார்ட், அமைச்சரவையைக் காட்சிக்காரர்களைக்கொண்டு நிரப்புமாறு அவருக்கு அறிவுரை கூறுகிறான். கொள்கை என்பதே அவர்களிடம் இல்லையாதலால் அவர்களால் தொல்லை இராது என்பது அவன் சொல்லும் காரணம். உள்நாட்டுப் போர் தொடங்கியபின் அவன் திரட்டும் படைப்பிரிவில் எல்லாரும் தளபதிகளே. நாட்டுக்காகத் தன் மனைவியின் உறவினர் அனைவரையும் பலிகொடுக்கவும் அவன் ஆயத்தமாக உள்ளான்.

யூட்டிகா நிகழ்ச்சியும் மெய்ப்பாட்டியலும்

வார்டின் கடிதங்களுள் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது 'யூட்டிகாவில் நிகழ்ந்த அட்டூழியம்' என்னும் மிகச் சிறிய கடிதம். யூட்டிகா நகரில் காட்சி நடக்கிறது. இயேசுவின் இறுதி விருந்தைச் சித்திரிக்கும் மெழுகு உருவங்களைக் காட்டிக்கொண்டிருக்கையில், பருத்த உடலினன் ஒருவன் முன்வந்து யூதாசின் உருவத்தைக் காலைப் பிடித்து இழுத்துப் போட்டுப் புடைக்கத் தொடங்குகிறான். ஏனென்று கேட்டால், காட்டிக்கொடுத்த யூதாஸ் இந்த ஊரில் தலைகாட்ட முடியாது என்கிறான். உருவத்தின் தலை நொறுங்குகிறது. வார்ட் வழக்குத் தொடுக்கிறான். நடுவர் குழு, அந்த ஆள் மூன்றாம் படித் தீவைப்புக் குற்றம் புரிந்ததாகத் தீர்ப்பளிக்கிறது.

நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கினைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறுகிறது. பேதைமையும் மடனும் ஒன்றுபோல் தோன்றினும் உரையாசிரியர் அவற்றை வேறுபடுத்துவர். பேதைமை அறிவின்மை; மடன் பிறர் கற்பித்ததைப் பற்றிக்கொண்டு விடாதிருத்தல். இவ்வேறுபாடு யூட்டிகாக் கடிதத்தை விளக்கப் பெரிதும் துணைசெய்கிறது. யூதாசைப் புடைத்தவன் அறிவிலி அல்லன். கோயிலில் கற்பித்ததை அவன் உறுதியாகப் பற்றியிருக்கிறான். மெழுகு என்பதற்காகவும் அதனை விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே அவனுடையது மடன். கதை சொல்லும் வார்டோ நம்பிக்கைக்கும் உருவத்திற்கும் நேர்ந்த மோதலைச் சற்றும் உணராமல், பொருள் சேதமாயிற்றே என்று மட்டும் வருந்துகிறான். அவனுடையது பேதைமை. தீயே இல்லாத இடத்தில் தீவைப்புக் குற்றம் கண்ட நடுவர் குழுவின்மீது வாசகர் கொள்வது எள்ளல். அச்சில் ஒரு பக்கத்தையும் நிரப்பாத கடிதத்தில் நகையின் மூன்று நிலைக்களன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. தமிழ் இலக்கணக் கருவியைப் பிறமொழிப் படைப்பின்மீது வலிந்து ஏற்றுதல் தகாது என்போர் உண்டு. ஆயினும் மடனையும் பேதைமையையும் பிரித்தறியும் இந்நுட்பம் இன்றேல், அடிப்பவனையும் சொல்பவனையும் ஒரே வகை மூடராகக் கொண்டுவிடும் தவறு நேரும்.

1862 செப்டம்பர் 22 அன்று அமைச்சரவையைக் கூட்டிய ஆபிரகாம் லிங்கன் இக்கடிதத்தையே முதலில் படித்துக்காட்டினார். அவ்வாண்டு வெளியான 'ஆர்ட்டிமஸ் வார்ட்: அவருடைய புத்தகம்' என்னும் நூலை வார்டே அவருக்கு அனுப்பியிருந்தார். லிங்கன் மிகவும் மகிழ்ந்து படித்ததாகவும், போர் அமைச்சர் ஸ்டான்டன் நீங்கலாக ஏனையோரும் மகிழ்ந்ததாகவும் அங்கிருந்த கருவூல அமைச்சர் சேஸ் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். அதன்பின்னரே, கிளர்ச்சி மாநிலங்களிலுள்ள அடிமைகள் 1863 சனவரி 1 முதல் விடுதலை பெறுவர் என்னும் முதற்கட்ட அறிவிப்பை லிங்கன் வாசித்தார். இந்நிகழ்ச்சியைச் சுற்றிப் பிற்காலத்தில் உருக்கமான உரையாடல்கள் பல புனையப்பட்டன. சேஸின் குறிப்பு அவ்வளவு உருக்கமானதன்று. அதனாலேயே அதனை நம்பலாம்.

கண்ணுக்குரிய பிழை

வார்டின் எழுத்துப்பிழைகளுள் ஒரு பகுதி வட்டார ஒலிப்பைக் காட்டுவது. கணிசமான பகுதி அவ்வாறன்று. 'சொல்கிறான்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லைக் கற்றவரும் கல்லாதவரும் 'செஸ்' என்றே ஒலிக்கின்றனர். வார்ட் அதனை ஒலிக்கிறபடியே எழுத்துக்கூட்டி எழுதுகிறான். செவிக்கு இதில் பிழையில்லை. கண்ணுக்கு மட்டுமே பிழை. ஒலிக்கும் எழுத்துக்கும் இடைவெளி மிகுந்த ஆங்கிலத்தில், எழுத்துக்கூட்டல் கல்வித் தகுதியின் அடையாளமாகவும் பள்ளிப் போட்டியாகவும் போற்றப்பட்ட அக்காலத்தில், இந்தக் கட்பிழை ஒருவகைக் கலகம் எனலாம். இதன் செல்வாக்கு எத்தகையது என்பதற்கு ஜாஷ் பில்லிங்ஸ் என்னும் புனைபெயர் கொண்ட ஹென்றி வீலர் ஷா சான்று. கோவேறு கழுதையைப் பற்றிச் செம்மையான நடையில் அவர் எழுதிய கட்டுரையை எவரும் கவனிக்கவில்லை. வார்டின் வழியைப் பின்பற்றி அதனையே பிழைகளோடு எழுதியபோது நாடெங்கும் மறுபதிப்பாயிற்று.

தமிழில் பெயர்க்க முற்படுவோர்க்கு இங்கு ஓர் இடர் எழுகிறது. பேச்சுமொழியைக் கொண்டு இதனை ஈடுசெய்யலாம் என்பது முதலில் தோன்றும் தீர்வு. ஆனால் தமிழ் இரட்டை வழக்கு மொழி. கற்றவரும் வீட்டில் பேச்சுவழக்கையே ஆள்வர். புனைகதையில் அது இயல்பான நடை. ஆதலால் பேச்சுவழக்கு தன்னளவில் நகை விளைவிப்பதில்லை. வார்டின் கட்பிழைக்கு உண்மையில் நெருங்கியது, பலர் நாவில் வேறுபாடு மறைந்துபோன ரகர றகரங்களையும், ணகர னகரங்களையும், லகர ளகர ழகரங்களையும் மாற்றி எழுதும் பிழை. அதனைப் பக்கந்தோறும் தொடர்ந்தால் வாசகர் சலிப்படைவர். ஆங்கில வாசகரும் வார்டிடம் அடைந்த சலிப்பு அதுவே. பிழைகளைக் கைவிட்டுக் குரலை மட்டும் பெயர்ப்பதே தக்க வழி எனத் தோன்றுகிறது. வார்டும் தம் பிற்காலப் பயண எழுத்துகளில் எழுத்துப்பிழையைப் பெருமளவு குறைத்துக்கொண்டார் என்பது இதற்கு அரண் செய்கிறது.

மேடையும் மௌனமும்

1860 இறுதியில் கிளீவ்லாந்தை நீங்கி நியூயார்க் சென்ற பிரௌன், 'வேனிட்டி ஃபேர்' என்னும் நகைச்சுவை வார இதழில் பணியாற்றி 1861இல் அதன் ஆசிரியரானார். அவ்வாண்டின் பிற்பகுதியில் சொற்பொழிவாளராக மேடையேறினார். நகரந்தோறும் சங்கங்கள் கட்டணம் பெற்று அறிவுரைச் சொற்பொழிவுகளை ஏற்பாடு செய்த காலம் அது. 'காட்டில் விடப்பட்ட குழந்தைகள்' என்று அவர் தலைப்பு அறிவிப்பார். அக்குழந்தைகளைத் தவிர மற்றெல்லாவற்றையும் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசுவார்.

மேடையில் எழுத்துப்பிழை பயன்படாது. கோமாளி உடையும் அவர் அணியவில்லை. மெலிந்த உடலும் செம்மையான உடையும் துயரம் படிந்த முகமுமாக நின்று, அவையோர் சிரிக்கும்போது ஏன் சிரிக்கின்றனர் என விளங்காதவர்போல் வியந்து நோக்குவார். நியூசிலாந்தில் தாம் கண்ட ஒருவனுக்கு வாயில் ஒரு பல்லும் இல்லை என்பார். நிறுத்துவார். நினைவில் எதையோ தேடுவதுபோல் நெடுநேரம் பேசாதிருப்பார். அப்பொருள் முடிந்தது என அவை கருதும் வேளையில், இருந்தும் அவனைப்போல் முரசு கொட்டுவோரைத் தாம் கண்டதில்லை என்று தமக்குத்தாமே சொல்லிக்கொள்வார். பல்லுக்கும் முரசுக்கும் தொடர்பில்லை. தொடர்பு உண்டென்று எண்ணவைப்பது அந்த 'இருந்தும்' என்னும் சொல். அதனை ஏற்கவைப்பது அதற்கு முந்தைய மௌனம். எழுத்தில் பேதைக் காட்சிக்காரன் செய்த பணியை மேடையில் இந்த மௌனம் செய்தது.

1863இல் மேற்குக் கரைப் பயணம் தொடங்கியது. கலிஃபோர்னியாவில் நாற்பது இரவுகளுக்கு என்ன எடுத்துக்கொள்வீர் என்று அரங்க உரிமையாளர் தந்தியில் வினவ, பிராந்தியும் தண்ணீரும் என்று விடையனுப்பினாராம். தொகையைக் குறித்த வினாவைக் குடிவகையைக் குறித்ததாகக் கொள்ளும் இவ்விடையிலும் பேதைமை வேடமே தொழிற்படுகிறது. அவ்வாண்டு டிசம்பரில் நெவாடாவின் வெர்ஜீனியா சிட்டியில் உள்ளூர் இதழாளராக இருந்த மார்க் ட்வெய்னைச் சந்தித்தார். கிழக்குக் கரை இதழ்களுக்கு எழுதுமாறு ஊக்கினார். பின்னர்த் தம் பயண நூலில் சேர்க்கக் கதை ஒன்று கேட்டார். ட்வெய்ன் அனுப்பிய தவளைக் கதை நூலுக்குக் காலந்தாழ்ந்து வந்து, நியூயார்க் இதழொன்றில் 1865 நவம்பர் 18 அன்று வெளியாகி அவரை நாடறியச் செய்தது. 1895இல் கதை சொல்லும் முறை பற்றி ட்வெய்ன் எழுதிய கட்டுரையில், மௌனத்தை ஆளும் கலைக்கு எடுத்துக்காட்டாக வார்டின் பெயரையும் அந்தப் பல்லில்லாதவனையும் குறிப்பிடுகிறார்.

நகையின் மறுபக்கம்

வார்டைப் போற்றுவோர் பொதுவாகக் கடந்துவிடும் செய்தி ஒன்றுண்டு. லிங்கன் கையில் இருந்த அதே நூலில், கறுப்பின மாணவரைச் சேர்த்துக்கொண்ட ஓபர்லின் கல்லூரியை இகழும் கட்டுரையும் உள்ளது. அடிமை ஒழிப்பாளரை எள்ளுவதும், கறுப்பின மக்களை இழித்துரைப்பதும் அந்நூலில் பலவிடங்களில் வருகின்றன. பெண்ணுரிமை கோருவோரும் அவரிடம் தப்பவில்லை. விடுதலை அறிவிப்புக்கு முன் ஒலித்த நகை, அவ்விடுதலையை விரும்பாதார் பலர் மகிழ்ந்து படித்த நூலிலிருந்து எழுந்தது என்னும் முரணை மறைத்தலாகாது. இவற்றைப் பாத்திரத்தின் பேதைமை என்று கூறி ஆசிரியரை விடுவித்துவிட இயலுமா? யூட்டிகாக் கடிதத்தில் காட்சிக்காரனுக்கு மேலே நின்று அவனைக் காணும் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ஓபர்லின் கட்டுரையில் அந்த இடைவெளி காணப்படவில்லை. பாத்திரமும் ஆசிரியரும் ஒரே திசையில் நின்று சிரிக்கின்றனர். வேடம் வேடமாக இல்லாது முகமாகிவிட்ட இடங்களில் வார்டின் நகையும் தரம் தாழ்ந்துவிடுகிறது.

மார்மன் சமயத்தாரைப் பொறுத்தவரை இதனை அவரே நேரில் உணர நேர்ந்தது. அவர்கள் தலைவர் பிரிகாம் யங்கைக் கண்டு வந்ததாக, அவ்வூரில் கால் வைக்காமலேயே இழிவான கற்பனை ஒன்றை முன்னர் எழுதியிருந்தார். 1864 தொடக்கத்தில் உண்மையாகவே சால்ட் லேக் நகரை அடைந்தவர் கடுங்காய்ச்சலில் வீழ்ந்தார். அவரிடம் பரிவு காட்டியோர் அந்த மார்மன்களே. அவர்களுள் ஒருவர் பழைய கட்டுரையின் பகுதியை எடுத்து அவரிடமே காட்டிய செய்தியைப் பிரௌன் தம் பயண நூலில் மறைக்காமல் பதிவுசெய்துள்ளார்.

இலண்டன்

அந்தப் பயணமே அவருடைய இறுதிச் சொற்பொழிவுக்குப் பொருளாயிற்று. 'மார்மன்களிடையே ஆர்ட்டிமஸ் வார்ட்' என்னும் அந்நிகழ்ச்சி 1864 அக்டோபரில் நியூயார்க்கில் தொடங்கியது. அனுமதிச் சீட்டில், கொண்டுவருபவரோடு மனைவி ஒருத்திக்கு மட்டுமே இடமுண்டு என அச்சிட்டிருந்தார். நகரும் ஓவியத்திரை ஒன்று பின்னணியில் சுழலும். ஓவியங்கள் வேண்டுமென்றே மோசமாக வரையப்பட்டவை. திரையில் உள்ளவை குதிரைகள் என்பது தமக்கே நெடுங்காலம் தெரியாதென்றும், இனியும் மறைத்துப் பயனில்லை என்று ஓவியரே வந்து ஒப்புக்கொண்டதாகவும் அவையோர்க்குத் தெரிவிப்பார். நிலவாக எரிய வேண்டிய விளக்கு திட்டமிட்டபடி தடுமாறும். அவர் மன்னிப்புக் கோருவார். உருக்கமான பகுதி வரும்போது பியானோ ஓங்கி ஒலித்து அவர் குரலை மூழ்கடிக்கும். உதடுகள் அசைவது மட்டுமே தெரியும்.

1866 கோடையில் இங்கிலாந்து சென்றார். 'பஞ்ச்' இதழ் அவருடைய கட்டுரைகளை வெளியிட்டது. நவம்பர் 13 அன்று இலண்டன் பிக்காடிலியிலுள்ள எகிப்திய மண்டபத்தில் நிகழ்ச்சி தொடங்கி நல்ல வரவேற்பைப் பெற்றது. அப்போதே காசநோய் அவரை உருக்கிக்கொண்டிருந்தது. துயர முகம் நடிப்பென்று கருதி அவை சிரித்த இரவுகளில் அது முழுவதும் நடிப்பாக இருந்திராது. 1867 சனவரி 23க்குப் பிறகு அவரால் மேடையேற இயலவில்லை. மார்ச் 6 அன்று சவுத்தாம்ப்டனில் காலமானார். இலண்டன் கென்சல் கிரீன் கல்லறையில் வைக்கப்பட்ட உடல் பின்னர் வாட்டர்ஃபோர்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

அவருடைய மேலாளர் ஹிங்ஸ்டனும், நண்பரான நாடகாசிரியர் ராபர்ட்சனும் எகிப்திய மண்டபச் சொற்பொழிவைப் பதிப்பித்து வெளியிட்டனர். ஹிங்ஸ்டன் அதற்கு அடிக்குறிப்புகள் எழுதினார். அவை அருஞ்சொற்பொருள் கூறும் குறிப்புகள் அல்ல. எவ்விடத்தில் எந்தத் தொனியில் பேசினார், முகம் எவ்வாறு இருந்தது, அவை என்ன செய்தது என்பவற்றையே அவை கூறுகின்றன. சொற்பொழிவின் மூலத்தை மட்டும் படித்து வார்டை மதிப்பிடும் ஆய்வாளர், அப்பக்கங்களின் அடிப்பகுதியையும் சேர்த்துப் படித்தல் வேண்டும்.